சரபோஜியின் புத்தகங்களும் கண்ணாடிப் பெட்டியும்

தஞ்சாவூருக்கு வரும் சுற்றுலா பஸ்களுக்கு என்று ஒரு கணக்கு உண்டு. காலையில் பெரிய கோவில். வெயில் ஏறியதும் அரண்மனை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கும்பகோணம் பக்கம் வண்டி திரும்பிவிடும். அரண்மனைக்குள்ளும் கலைக்கூடத்துச் சிலைகள், தர்பார் மண்டபம் என்று பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் கொஞ்சம் நேரம் மிச்சமிருந்தால் சரஸ்வதி மகால். அங்கேயும் நூலகத்துக்குள் போவதில்லை, நூலகத்தின் சார்பில் வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்குத்தான் போகிறோம். ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே வந்து "இவ்வளவுதானா சரஸ்வதி மகால்?" என்று கேட்காதவர்கள் குறைவு.

இவ்வளவு இல்லை. சுவருக்கு அந்தப்பக்கம் ஏறக்குறைய நாற்பதாயிரம் சமஸ்கிருதச் சுவடிகள் இருக்கின்றன. தமிழ்ச் சுவடிகள் சுமார் 3,500, மராத்தி சுமார் 3,000, தெலுங்கு சில நூறு. மோடி எழுத்தில் எழுதிய அரண்மனைக் கணக்குகள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. அச்சுப் புத்தகங்கள் தனி. இதில் நம் கண்ணுக்குக் காட்டப்படுவது ஒரு கைப்பிடி. அந்தக் கைப்பிடியைப் பற்றியும், ஒரு நூலகம் தன்னிடம் இருப்பதை ஏன் காட்டவேண்டும், காட்டினால் என்ன ஆகும் என்பதைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என் வகுப்பு நண்பர் ஒருவர் எழுப்பக்கூடிய கேள்வி: "நூலகக் கண்காட்சி என்றால் பல்கலைக்கழக நூலகத்தைப் பற்றி அல்லவா எழுதவேண்டும்?" சரிதான். ஆனால் தஞ்சாவூர் நகரத்துக்குப் பல்கலைக்கழகம் என்று ஒன்று வந்ததே 1981ல்தான். மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்த அதே வருடம் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு, சென்னைப் பல்கலைக்கழகம் 1857ல் பிறப்பதற்கும் முன்பு, ஒரு பல்கலைக்கழக நூலகம் செய்யவேண்டிய வேலையை எல்லாம் இந்தக் காவிரிக்கரையில் செய்துவந்தது இந்த அரண்மனை நூலகம்தான். பண்டிதர்கள், படியெடுப்பவர்கள், அச்சகம், மருத்துவ ஆய்வு, வந்து பார்க்கும் விருந்தாளிகள் எல்லாம் இருந்தார்கள். பட்டமளிப்பு விழா ஒன்றுதான் இல்லை.

நாயக்க மன்னர்கள் காலத்தில் இதற்கு சரஸ்வதி பண்டாரம் என்று பெயர். பண்டாரம் என்றால் கருவூலம். பொன்னையும் நெல்லையும் பூட்டி வைப்பது போலச் சுவடிகளைப் பூட்டி வைக்கிற இடம். 1670களில் நாயக்கர் ஆட்சி போய் ஏகோஜி வழியாக மராட்டியர் வந்தார்கள். அரசர்கள் மாறினாலும் சுவடிகள் வெளியேறவில்லை. புதிதாக வந்தவர்கள் மராத்தியைக் கொண்டுவந்து தெலுங்குக்கும் தமிழுக்கும் பக்கத்தில் வைத்தார்கள்.

இந்தப் பண்டாரத்தை மகாலாக்கியவர் இரண்டாம் சரபோஜி. 1777ல் பிறந்தவர். துளஜா மன்னர் 1787ல் தான் சாவதற்குக் கொஞ்சம் முன்பு பத்து வயதுப் பையனைத் தத்து எடுத்தார். ஆனால் சிம்மாசனம் அமர்சிங்குக்குப் போனது. பையனுக்குப் பாதுகாப்பாக நின்றவர் ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார். படிப்புக்காக 1793ல் சென்னைக்கு அனுப்பி வைக்கப்பட்டார். 1798ல் சரபோஜி அரசரானார். அதே வருடம் பிப்ரவரியில் ஷ்வார்ட்ஸ் இறந்துபோயிருந்தார். தன் குருவுக்காக இங்கிலாந்தின் பெரிய சிற்பி ஃப்ளாக்ஸ்மேனிடம் சொல்லி சரபோஜி செய்வித்த பளிங்குச் சிற்பம் சிவகங்கைப் பூங்கா பக்கத்துத் தேவாலயத்தில் இருக்கிறது. இந்து ராஜா ஒரு கிறிஸ்தவப் பாதிரியாருக்கு எழுப்பிய நினைவுச் சின்னம்! பெரிய கோவிலுக்குப் பத்து நிமிட நடையில் இருந்தும் பார்க்கிறவர்கள் குறைவு.

அரசரானார் என்று சொன்னேனே தவிர, ஆள்வதற்கு என்று பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. 1799 ஒப்பந்தத்தின்படி நாட்டு நிர்வாகம் கம்பெனியின் கைக்குப் போனது. சரபோஜிக்குக் கோட்டையும் அதைச் சுற்றிய பகுதியும் மட்டும். கூடவே வருடத்துக்கு ஒரு லட்சம் வராகனும், நாட்டின் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும். டெல்டாவின் வருமானம் என்றால் நெல் வருமானம். திருவையாற்றிலும் பாபநாசத்திலும் மன்னார்குடியிலும் சேற்றில் இறங்கி நட்டு அறுத்த நெல்லில் ஒரு பங்குதான் லண்டனில் டோரின் என்ற முகவர் மூலம் புத்தகங்களாக மாறிக் கப்பலேறி வந்தது. சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி, லவாய்சியரின் வேதியியல் நூல், ஆம்ஸ்டர்டாமில் 1791ல் அச்சான படங்கள் நிறைந்த பைபிள் என்று வந்தவை ஆயிரக்கணக்கில். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், டேனிஷ், இத்தாலி மொழிகளில் அவருடைய சொந்தச் சேகரிப்பே 4,500 புத்தகங்களுக்கு மேல் என்கிறார்கள். பலவற்றில் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறார். இந்தக் கையெழுத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

சிலர் சரபோஜியைப் புத்தகப் பைத்தியம் பிடித்த பொம்மை ராஜா என்று சொல்வார்கள். பொம்மை ராஜாதான், அதில் சந்தேகமில்லை. கம்பெனியை எதிர்த்து அவர் ஒன்றும் செய்யவில்லை. நெப்போலியனை வெள்ளைக்காரர்கள் ஜெயித்ததற்கு மல்லிப்பட்டினம் கடற்கரையில் மனோரா கட்டிக் கொண்டாடியவர். ஆனால் அதே பென்ஷன் பணத்தை வாங்கிய மற்ற பல அரசர்கள் அதை என்ன செய்தார்கள் என்று பார்த்தால் இவரைக் கும்பிடத் தோன்றும். 1805 வாக்கில் அரண்மனையில் தேவநாகரி அச்சகம் வைத்தார். ஈசாப் கதைகள் மராத்தியில் பாலபோத முக்தாவளி என்று 1806ல் இங்கேதான் அச்சானது. மராட்டிய மண்ணிலேயே மராத்திப் புத்தக அச்சு சூடுபிடிக்காத காலம் அது. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தில் சோற்றோடு படிப்பும் கொடுத்தார். 1820ல் பெரிய பரிவாரத்தோடு காசிக்குப் போனார். இரண்டு வருட யாத்திரை. மற்றவர்கள் காசியிலிருந்து கங்கைத் தண்ணீர் கொண்டுவருவார்கள், இவர் அதோடு சுவடிகளையும் சேர்த்துக் கொண்டுவந்தார்.

இனி காட்சிக்கு வருவோம். தான் சேர்த்ததை மற்றவர்களுக்குக் காட்டவேண்டும் என்ற ஆசை சரபோஜிக்கு நிறையவே இருந்தது. 1804ல் வாலன்ஷியா பிரபு வந்தார். 1826 மார்ச்சில் கல்கத்தா பிஷப் ஹீபர் வந்தார். ஹீபர் அசந்துபோய் எழுதியிருக்கிறார். லவாய்சியர், லின்னேயஸ் என்றெல்லாம் சரளமாக மேற்கோள் காட்டுகிறார், ஷேக்ஸ்பியரைப் பற்றிச் சரியான அபிப்பிராயம் வைத்திருக்கிறார், குதிரை பார்ப்பதிலும் புலி சுடுவதிலும் கெட்டிக்காரர் என்பது அதன் சாரம். அடுத்த சில நாட்களில், ஏப்ரல் 3ஆம் தேதி, திருச்சியில் குளிக்கப்போன இடத்தில் ஹீபர் இறந்துவிட்டார். எனவே தஞ்சாவூர் அவர் கடைசியாகப் பார்த்து வியந்த இடங்களில் ஒன்று.

ஆனால் இந்தக் காட்சி பிரபுக்களுக்கும் பிஷப்புகளுக்கும்தானே? ஊர் ஜனங்களுக்கு என்ன காட்டினார்? இதற்கு இரண்டு பதில் எனக்குத் தெரிகிறது. ஒன்று, பெரிய கோவில் சுவர். போன்சலே வம்ச வரலாற்றை 1803ல் மராத்தியில் கல்லில் வெட்டி வைத்தார். நூலகத்தில் ஏட்டில் இருக்கவேண்டிய ஒரு முழுப் புத்தகம், பூட்டும் கண்ணாடியும் இல்லாமல் வெட்டவெளியில் நிற்கிறது. மராத்தி தெரியாத நாம் அதன் முன்னால் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடுகிறோம், அது வேறு விஷயம்! இரண்டாவது, சரபேந்திர பூபாலக் குறவஞ்சி. கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் சரபோஜியைப் பாட்டுடைத் தலைவனாக வைத்து எழுதியது. பெரிய கோவில் திருவிழாவில் மக்கள் நடுவே ஆடப்பட்டது. புகழ்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனாலும் எழுத்து ஏட்டை விட்டு இறங்கி மேடைக்கு வந்தது. இன்றைக்கு நூலகங்கள் 'கலாச்சார நிகழ்ச்சி' என்று பெயர் போட்டு நடத்துவதன் அசல் இதுதான் என்பது என் கட்சி.

சரபோஜி 1832ல் இறந்தார். மகன் சிவாஜி 1855ல் ஆண் வாரிசில்லாமல் இறந்தார். கம்பெனி ராஜ்யத்தை மட்டுமல்ல, அரண்மனைச் சொத்தையும் எடுத்துக்கொண்டது. ராணி காமாட்சிபாய் வழக்குப் போட்டு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அந்தக் குழப்பத்தில் நூலகம் சிதறாமல் தப்பியதே பெரிய விஷயம். தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்த பர்னல் என்ற ஆங்கிலேயர் சமஸ்கிருதச் சுவடிகளை ஒவ்வொன்றாகப் புரட்டி அட்டவணை போட்டார். 1880ல் அது புத்தகமாக வந்தபோதுதான் இங்கே இருப்பது என்னவென்று வெளியுலகத்துக்குத் தெரிந்தது. அச்சில் வந்த அட்டவணையும் ஒரு வகைக் கண்காட்சிதான், இல்லையா? 1918 அக்டோபர் 5ல் நூலகம் பொதுமக்களுக்கு உரியதானது. 1983ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் என்ற அந்தஸ்து கிடைத்தது.

அருங்காட்சியகத்தில் கூட்டம் எங்கே நிற்கும் தெரியுமா? சார்லஸ் லெ ப்ரனின் படங்களுக்கு முன்னால். பிரான்ஸின் பதினான்காம் லூயி மன்னரின் ஓவியர் அவர். மனித முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து இவனுக்கு ஆந்தை ஜாடை, இவனுக்குக் கழுதை ஜாடை என்று காட்டியிருப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்தால் அங்கே ஒரே சிரிப்பு. ஒவ்வொரு முகத்துக்கும் தங்கள் வாத்தியார் ஒருவர் பெயரை வைத்துவிடுவார்கள். அடுத்தபடியாகச் சீன தண்டனைப் படங்கள். அதற்கு முன்னால் சிரிப்பு நின்றுபோகும். பெரியவர்கள் நிற்பது தன்வந்திரி மகால் சம்பந்தப்பட்டவை முன்னால். சரபோஜி நடத்திய மருத்துவ ஆய்வு நிலையம் அது. கண் நோயாளிகளின் விவரத்தை எழுதி, கண்ணின் நிலையைப் படமாகவும் வரைந்து வைத்த தாள்கள் நாற்பதுக்கும் மேல் பிழைத்திருக்கின்றன. நம் ஊரில் ஆஸ்பத்திரிச் சீட்டை அடுத்த மாதமே தொலைத்துவிடுகிறோம், இருநூறு வருடத்துக்கு முந்திய சீட்டு இங்கே இருக்கிறது.

இவ்வளவு சுவாரசியமானவை இருக்கும்போது எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைக்கவேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ஓலைக்கும் பழைய காகிதத்துக்கும் வெளிச்சம் ஆகாது. மை வெளிறும், ஓலை முறுகி ஒடியும். போதாக்குறைக்கு இது டெல்டா. ஐப்பசி கார்த்திகையில் சுவரே வியர்க்கும் ஊர். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் கொண்டாட்டம். வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கப்பட்டை, மிளகு, கிராம்பு இவற்றை இடித்துக் கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து சுவடிகளுக்கு நடுவே வைப்பது இந்த நூலகத்தின் பழைய முறை. ஓலைக்குப் புல் தைலம் தடவுவது இன்னொன்று. பாட்டி வைத்தியம் மாதிரி இருக்கிறதல்லவா? ஆனாலும் இத்தனை நூற்றாண்டு தாங்கியிருக்கிறது. ஒரு சுவடியை ஆறு மாதம் கண்ணாடிப் பெட்டியில் விளக்கு வெளிச்சத்தில் வைப்பது அதன் ஆயுளில் கொஞ்சத்தைக் கிள்ளி நமக்குக் கொடுப்பது. காட்டாமலே வைத்திருந்தால் அது இருப்பதே யாருக்கும் தெரியாது. இருப்பது தெரியாத பொருளுக்கு அரசாங்கத்தில் பணம் ஒதுக்கவும் ஆள் இருக்காது.

யாருக்கும் தெரியாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் உதாரணம் இருக்கிறது. ஆடிப்பெருக்கு அன்று பழைய ஏடுகளை ஆற்றில் விடுகிற வழக்கத்தை உ.வே.சாமிநாதையர் வேதனையோடு எழுதியிருக்கிறார். அவர் நம் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரர். கும்பகோணம் கல்லூரியில் வாத்தியாராக இருந்துகொண்டே 1887ல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தவர். ஏட்டை ஆற்றில் விட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. படிக்கத் தெரியாத, யாரும் கேட்காத ஒன்றை மரியாதையாக வழியனுப்பினார்கள். அவ்வளவுதான்.

காட்டினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இதே மகாலில் இருக்கிறது.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்ற ஜெர்மானிய இளைஞர் வந்து இறங்கினார். தரங்கம்பாடியை 1620ல் டென்மார்க்காரர்களுக்குக் கொடுத்தவர் தஞ்சை ரகுநாத நாயக்கர். அதற்காகத் தங்க ஓலையில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. சீகன்பால்கு திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். சில வருடங்களில் ஐரோப்பாவிலிருந்து அச்சு இயந்திரமும் தமிழ் எழுத்துகளும் வந்தன. எழுத்து பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715ல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது. மத நம்பிக்கையை விட்டுவிடுங்கள், தமிழ் அச்சின் வரலாற்றில் அது ஒரு மைல்கல். அதன் பிரதி ஒன்று ஷ்வார்ட்ஸ் மூலமாகச் சரபோஜிக்கு வந்ததாகச் சொல்கிறார்கள். பிற்காலத்தில் சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்பட்டிருந்தது.

2005 அக்டோபரில் அது காணவில்லை.

போலீசில் புகார் கொடுக்கப்பட்டது. கண்டுபிடிக்க முடியவில்லை என்று வழக்கு மூடப்பட்டது. 2017ல் மறுபடி ஒரு புகார், இந்த முறை சிலைக்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போனது. 2022 ஜூலையில், அந்தப் புத்தகம் லண்டனில் கிங்ஸ் கலெக்‌ஷனில் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டதாகத் தமிழகப் போலீஸ் அறிவித்தது. எப்படிக் கண்டுபிடித்தார்கள்? வெளிநாட்டு அருங்காட்சியகங்களின் இணையதளங்களை ஒவ்வொன்றாகத் துழாவி. புத்தகத்தில் சரபோஜியின் கையெழுத்து இருந்தது என்றும் செய்திகளில் வந்தது. முன்னே ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன கையெழுத்து இதுதான்.

இது ஒன்று மட்டும் இல்லை. சரபோஜியும் மகன் சிவாஜியும் சேர்ந்திருக்கும் ஒரு பழைய ஓவியம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து பீபடி எஸ்ஸெக்ஸ் மியூசியம் அதை 2006ல் 35,000 டாலருக்கு வாங்கியது. விற்றவர் சுபாஷ் கபூர். சிலைக் கடத்தலில் அவர் பெயர் எவ்வளவு அடிபட்டது என்று சொல்லத் தேவையில்லை. 2015ல் அந்த மியூசியம் ஓவியத்தை அமெரிக்க அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. அதுவும் சரஸ்வதி மகாலில் இருந்து போனதுதான் என்று 2022ல் தமிழகப் போலீஸ் தெரிவித்தது.

இதைப் படித்ததும் "அதனால்தான் சொல்கிறோம், எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டுங்கள்" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காட்சியில் இருந்ததால்தான் புத்தகம் போனது என்று ஒரு பக்கம் சொல்லலாம். காட்சியில் இருந்ததால்தான் அது காணாமல் போனதே தெரிந்தது என்பது இன்னொரு பக்கம். அலமாரிக்குள் கட்டோடு கட்டாகக் கிடந்திருந்தால் அடுத்த கணக்கெடுப்பு வரை யார் கவனித்திருப்பார்கள்? லண்டனிலும் அது அகப்பட்டது யாரோ அங்கே அதை இணையத்தில் காட்டியதால்தான். பூட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல பூட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு படமும், அட்டவணையில் ஒரு எண்ணும் வேண்டும். பர்னல் 1880லேயே ஆரம்பித்த வேலைதான் அது. 1928க்கும் 1934க்கும் நடுவில் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு மட்டும் 19 தொகுதிகள் விளக்க அட்டவணை வந்தது. ஓவியத்துக்கும் அச்சுப் புத்தகத்துக்கும் அதே கவனம் வேண்டாமா?

எனக்கு ஆர்வமாக இருப்பது அந்த மோடி மூட்டைகள். மோடி என்பது மராத்தியை வேகமாக எழுதுவதற்கான கூட்டெழுத்து. அரண்மனைக்கு எத்தனை கலம் நெல் வந்தது, சத்திரத்தில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள், ஆட்டக்காரிக்கு என்ன சம்பளம், எந்த வாய்க்காலுக்கு என்ன செலவு என்கிற மாதிரி அன்றாடக் கணக்கு வழக்குகள் அதில்தான் இருக்கின்றன. தமிழ்ப் பல்கலைக்கழகம் அந்த ஆவணங்களில் ஒரு பகுதியைத் தமிழில் பெயர்த்து வெளியிட்டிருக்கிறது. அரண்மனை நூலகமும் பல்கலைக்கழகமும் கைகோத்த நல்ல காரியம். ஆனால் கண்ணாடிப் பெட்டியில் ஒரு மோடித் தாளை வைத்தால் பார்ப்பவர்களுக்குப் புழு நெளிந்தது போல நாலு கோடுதான் தெரியும். ஆந்தை மூஞ்சிக்காரன் முன்னால் நிற்கும் கூட்டம் அதற்கு முன்னால் நிற்காது. பக்கத்தில் ஒரு அட்டையில் "இந்த வரியில் இருப்பது ஒரத்தநாட்டுச் சத்திரத்தின் ஒரு நாள் அரிசிக் கணக்கு" என்று தமிழில் எழுதி வைத்தால், ஒரத்தநாட்டுக்காரர் ஒருவராவது நிற்பார்.

செப்டம்பர் 24 சரபோஜியின் பிறந்தநாள். தஞ்சாவூரில் அதை விழாவாகக் கொண்டாடுவது உண்டு. போகிறவர்கள் நூலகத்தின் வெளியீடுகள் விற்கும் இடத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். அவர் பெயரில் வந்த சரபேந்திர வைத்திய முறைகள் வரிசை அங்கே நூலாக வந்திருக்கிறது. ஓலையில் இருந்ததை நாமே கையில் எடுத்துப் புரட்டலாம், வீட்டுக்கும் எடுத்துப் போகலாம்.